மாணவர்கள் ஏன் பயணம் போகிறார்கள்? கடைசியாகப் போன பயணத்தைக் கேளுங்கள்

பல்கலைக்கழக மாணவர்களின் பயணப் பழக்கங்களையும் அவற்றின் பின்னுள்ள காரணங்களையும் பற்றி ஆய்வேடு எழுதவிருப்பதாகவும், வினாத்தாளில் எவற்றைக் கேட்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதுகலை இறுதியாண்டில் இதே பொருளில் ஆய்வேடு எழுதியவள் நான். என் முதல் வினாத்தாள் எங்கே தவறியது என்பதைச் சொன்னாலே உங்களுக்குப் பாதி வேலை மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

சுற்றுலா ஆய்வுத் துறையில் நுழைகிற எவரும் முதலில் படிப்பது இரண்டு ஆய்வாளர்களை. வீட்டை விட்டுக் கிளம்பும்படி ஒருவரைத் தள்ளுகிற காரணங்கள் வேறு, குறிப்பிட்ட ஓர் இடத்தை நோக்கி இழுக்கிற காரணங்கள் வேறு என்று 1977இல் கிரஹாம் டான் பிரித்துக் காட்டினார். 1979இல் ஜான் கிராம்ப்டன் நேர்காணல்களின் வழியாக ஒன்பது உந்துதல்களைத் தொகுத்தார். அன்றாடத்திலிருந்து விலகுதல், தன்னைத் தானே அறிதல், ஓய்வு, சமூக மதிப்பு, உறவை வளர்த்தல் போன்ற ஏழு, மனமும் சமூகமும் சார்ந்தவை. புதுமை, கல்வி என்ற இரண்டும் பண்பாடு சார்ந்தவை. நான் அந்த ஒன்பதையும் அப்படியே வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் தரும்படி கேட்டேன். திரும்பி வந்த தாள்களில், புதிய இடங்களைப் பார்ப்பதும் புதிய பண்பாட்டை அறிவதுமே முன்னால் நின்றன.

தாளைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் நின்ற ஒரு மாணவியிடம், கடைசியாக எங்கே போனீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். தேர்வு முடிந்த அன்றிரவு, நாளைக்கே எங்காவது போகலாமா என்று அறைத்தோழி கேட்டதையும், மூவராகக் கிளம்பிக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதையும், பேருந்து நிலையத்து பெஞ்சில் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததையும், படிப்பை நிறுத்திவிடப் போவதாக அந்தத் தோழி அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னதையும் அவர் நெடுநேரம் விவரித்தார். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயரைச் சற்று யோசித்துத்தான் அவரால் சொல்ல முடிந்தது. அவருடைய தாளை எடுத்துப் பார்த்தேன். புதிய பண்பாட்டை அறிவதற்கு ஐந்து, நண்பர்களோடு இருப்பதற்கு இரண்டு என்று குறித்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. பயணம் எதற்காக என்று பொதுவாகக் கேட்டால், பயணம் எதற்காக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ அதைத்தான் எவருமே எழுதுவோம். கிராம்ப்டன் பட்டியலைக் கையில் கொடுத்து மதிப்பெண் கேட்கவில்லை, உட்கார்ந்து பேசித்தான் தொகுத்தார் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இனி பழக்கங்களுக்கு வருகிறேன். மாணவர்களிடம் நேரம் மொத்தமாகக் கிடைக்கும், பணம் சில்லறையாகத்தான் கிடைக்கும். அவர்களுடைய பயணத்தின் வடிவம் பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது. இரவு வண்டியில் போனால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்பதற்காகவே இரவில் கிளம்புகிறார்கள். முடிவைக் கடைசி நேரத்தில் எடுப்பதைப் பொறுப்பின்மை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான்கு பேர் போகிற பயணத்தில் ஒருவருக்குப் பணம் தாமதமாக வரும், இன்னொருவருக்கு வீட்டில் அனுமதி தாமதமாகக் கிடைக்கும், அதுவரை மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இந்தத் தடைகள் தளர்ந்தபோதெல்லாம் இளைஞர்கள் பெருவாரியாகக் கிளம்பியிருக்கிறார்கள். மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்ற ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர், 1909இல் புயல் மழையில் சிக்கி ஒரு பள்ளிக் கட்டடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தபோதுதான் மலிவான தங்குமிடம் பற்றி எண்ணத் தொடங்கினார். 1912இல் ஜெர்மனியின் ஆல்டேனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. 1972இல் ஐரோப்பாவில் 21 வயதுவரை உள்ளவர்களுக்கென, ஒரே சீட்டில் பல நாடுகளில் ரயிலில் போகலாம் என்ற இன்டர்ரயில் பயணச்சீட்டு வந்தது. 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் வேற்று நாட்டுக்குப் படிக்கப் போனார்கள். ஆசை முன்பே இருந்தது. தங்க இடமும் வண்டிச் செலவும் கைக்கு எட்டியபோதுதான் அது பழக்கமாயிற்று. ஆகவே காரணங்களைக் கேட்கும் அளவுக்குத் தடைகளையும் கேளுங்கள்.

வீட்டுக்குப் போவதைப் பயணக் கணக்கில் சேர்ப்பதா என்ற சந்தேகம் உங்களுக்கும் வரும். சேர்த்துவிடுங்கள், ஆனால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்றும் உறுத்துவது போகாதவர்களைப் பற்றிய மௌனம். விடுமுறை முழுவதும் பகுதிநேர வேலைக்குப் போகிறவர்களும், உடன்பிறந்தவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும், சக்கர நாற்காலியோடு ஏற வழியில்லாத வண்டியின் முன்னால் நின்றுவிடுகிறவர்களும், ‘கடந்த ஆண்டு பயணம் செய்தீர்களா’ என்ற முதல் கேள்விக்கே இல்லை என்று எழுதிவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். என் முதல் வினாத்தாளில் அவர்களுக்கு அடுத்த கேள்வியே இல்லை. உங்கள் தாளில் அவர்களுக்கென ஒரு பக்கம் இருக்கட்டும்: கிளம்ப நினைத்துக் கைவிட்ட பயணம் எது, எந்த இடத்தில் அது நின்றது என்று கேளுங்கள்.

மற்றவர்களிடம் கடைசியாகப் போன ஒரே ஒரு பயணத்தைக் கேளுங்கள். எப்போது முடிவெடுத்தீர்கள், யார் யார் போனீர்கள், யார் செலவு செய்தார்கள், போகலாம் என்று முதலில் சொன்னது யார்? மதிப்பெண் பட்டியல் தேவையென்றால் இவற்றுக்குப் பின்னால் வையுங்கள். இரண்டாம் சுற்றில் அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் நான் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு வரிதான் இடம் விட்டிருந்தேன். பலர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் அரைப் பக்கமாவது விடுங்கள்.