தங்கை மகளை என் வரிக் கணக்கில் காட்டலாமா?

கேள்வி: மனைவியோடு நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இருவருக்கும் க்ரீன் கார்டு. என் தங்கை வீட்டு மாப்பிள்ளைக்கு 2024 கடைசியில் வேலை போய்விட்டது. 2025 பிப்ரவரியில் ஒன்பது வயது மகளோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், அந்த வருடம் முழுக்க இங்கேதான் இருந்தார்கள். இருவருக்கும் சம்பளம் இல்லை. குழந்தை அமெரிக்காவில் பிறந்தவள். 2025 ரிட்டர்னில் அவளை என் டிபெண்டன்டாக, அதாவது என்னைச் சார்ந்திருப்பவளாகக் காட்டலாமா? பெற்றோர் கூடவே இருக்கும்போது அது தப்பாகாதா?

பதில்: தப்பில்லை, காட்டலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். தங்கை என்றால் கூடப்பிறந்த தங்கையா, சித்தப்பா மகளா? நமக்கு இருவரும் தங்கைதான். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அப்படி இல்லை.

கூடப்பிறந்தவரின் மகள் என்றால், சட்டம் அவளை உங்கள் சொந்தக் குழந்தை இருக்கும் வரிசையிலேயே வைக்கிறது. தாய்மாமன் உரிமை காதுகுத்தில் மட்டுமல்ல, வரிச் சட்டத்திலும் உண்டு! 19 வயதுக்குள் இருக்க வேண்டும், வருடத்தில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும். பிப்ரவரியில் வந்தவளுக்கு இரண்டும் பொருந்துகிறது. அவள் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. குழந்தை தன் செலவில் பாதிக்கு மேல் தானே சம்பாதித்துப் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் போதும்.

பெற்றோர் அதே வீட்டில் இருப்பதால் கூடுதலாக இரண்டு நிபந்தனைகள் வருகின்றன. அவர்கள் குழந்தையைத் தங்கள் ரிட்டர்னில் காட்டக்கூடாது. உங்கள் ஏஜிஐ, அதாவது குறிப்பிட்ட சில கழிவுகள் மட்டும் போன பிறகு நிற்கும் வருமானம், அவர்கள் இருவரில் அதிகமுள்ளவருடையதைவிட அதிகமாக இருக்க வேண்டும். சம்பளம் இல்லை என்றால் ஏஜிஐயும் பூஜ்யம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலையில்லாதோர் உதவித்தொகை, வங்கி வட்டி, பங்கு விற்ற லாபம் எல்லாம் அதில் சேரும். உங்கள் வீட்டில் சம்பளம் வருகிறது என்றால் அனேகமாக இதைத் தாண்டிவிடுவீர்கள்.

சித்தப்பா மகளின் பெண் என்றால் கதை வேறு. அப்போது ஜனவரி முதல் டிசம்பர் வரை முழு வருடமும் உங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும், பாதிச் செலவுக்கு மேல் நீங்கள் செய்திருக்க வேண்டும். பிப்ரவரியில் வந்ததால் 2025க்கு அவளைக் காட்ட முடியாது. முழு வருடம் இருந்தாலும் கிடைப்பது 500 டாலர் க்ரெடிட், அதாவது வரியில் நேராகக் கழியும் தொகை, மட்டும்.

கூடப்பிறந்த தங்கையின் மகளுக்கு 2025ல் 2,200 டாலர் சைல்டு டாக்ஸ் க்ரெடிட் கிடைக்கும். குழந்தைக்கு வேலை செய்யத் தகுதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும், உங்கள் இருவரில் ஒருவருக்காவது அப்படி ஒன்று இருக்க வேண்டும்.

இதில் தங்கையின் பணத்தை நாம் எடுத்துக்கொள்கிறோமோ என்று மனம் உறுத்தலாம். வேண்டாம். வரியே இல்லாதவருக்கு இந்த க்ரெடிட்டில் 1,700 டாலர் வரை கையில் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தொகையைக் கணக்கிடுவது உழைத்துச் சம்பாதித்ததில் 2,500 டாலருக்கு மேற்பட்டதை வைத்து. உதவித்தொகை அந்தக் கணக்கில் வராது. ஆக, அவர்கள் காட்டினால் வருவது ஒன்றுமில்லை.

தங்கையிடம் கையெழுத்து எதுவும் வாங்க வேண்டாம், பேசி வைத்துக்கொண்டால் போதும். உதவித்தொகையில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க அவர்கள் ரிட்டர்ன் போடலாம். குழந்தையின் பெயரை மட்டும் அதில் சேர்க்கக்கூடாது. மென்பொருள் கேட்கிறதே என்று பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள், அங்கேதான் வம்பு. இரண்டு ரிட்டர்னிலும் ஒரே குழந்தை வந்தால் ஐஆர்எஸ் இருவருக்கும் கடிதம் அனுப்பும். அந்தப் போட்டியில் பெற்றோர்தான் ஜெயிப்பார்கள், மாமா அல்ல.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தங்கையையும் மாப்பிள்ளையையும்கூடக் காட்ட வாய்ப்பிருக்கிறது, தலைக்கு 500 டாலர். அவரவர் மொத்த வருமானம் 2025ல் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், அவர்கள் செலவில் பாதிக்கு மேல் உங்களுடையதாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை சில மாதம் உதவித்தொகை வாங்கியிருந்தால் இந்த வரம்பை எளிதாகத் தாண்டியிருப்பார், எவ்வளவு வாங்கினார் என்று காட்டும் தாளை வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், குழந்தைக்கு மானியத்தோடு மார்க்கெட்பிளேஸ் (அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தை) காப்பீடு இருந்ததா? அதற்கான 1095-ஏ என்ற படிவம் வந்திருந்தால் அவளுடைய மானியக் கணக்கு உங்கள் ரிட்டர்னுக்கு வந்துவிடும். அதைப் பார்க்காமல் ரிட்டர்னை அனுப்பாதீர்கள்.

ஆதாரம் கேட்டால் இரண்டு விஷயம் காட்ட வேண்டும். அவள் உங்கள் முகவரியில் இருந்தாள் என்பதற்குப் பள்ளியிடமோ டாக்டரிடமோ தேதியும் முகவரியும் போட்ட கடிதம் வாங்கிக்கொள்ளலாம். உறவைக் காட்டுவதுதான் நம்மவர்களுக்குச் சிக்கல். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தங்கை பெயர், உங்கள் இருவர் சான்றிதழிலும் ஒரே அப்பா அம்மா பெயர், இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு தங்கை கணவர் பெயரைச் சேர்த்திருப்பார், உங்கள் சான்றிதழில் பெயரே எழுதாமல் ‘ஆண்’ என்று மட்டும் இருக்கலாம். ஊரில் இருப்பவர்களிடம் சொல்லி, இப்போது பெயரைப் பதிய முடியுமா என்று நகராட்சியில் விசாரித்து, முடிந்தால் பதிந்து நகல் வாங்கச் சொல்லுங்கள். கடிதம் வந்த பிறகு ஓடினால் நாள் போதாது.