ஆன்லைனில் இரண்டே வருடத்தில் பிஎச்.டி.யா? மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்

கேள்வி: பெரம்பூரில் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் 11 ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். எம்.எஸ்சி., எம்.எட். முடித்திருக்கிறேன். ‘கரிக்குலம் அண்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ (கலைத்திட்டமும் கற்பித்தலும்) பாடத்தில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. அண்ணா நகரில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், முழுக்க ஆன்லைன், நுழைவுத்தேர்வு கிடையாது, இரண்டே வருடத்தில் பட்டம், மொத்தம் 3.5 லட்சம் என்றார்கள். சீட் போய்விடும் என்று அவசரப்படுத்தியதால் 30,000 ரூபாய் கட்டிவிட்டேன். இந்தப் பட்டம் இங்கே செல்லுமா? மகளுக்கு 4 வயது. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க என்னால் முடியாது.

பதில்: செல்லாது. இன்னொரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளில் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்தக் கூடாது. சேர்க்கை நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆக வேண்டும். ‘இரண்டே வருடம்’ என்று அவர்கள் சொன்னபோதே விஷயம் வெளிப்பட்டுவிட்டது. விதிமுறை வருவதற்குச் சில நாட்கள் முன்பே, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து ஆன்லைன் பிஎச்.டி. விற்கும் நிறுவனங்களை நம்ப வேண்டாம் என்று யுஜிசியும், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் சேர்ந்து எச்சரித்தன. அப்படியும் இந்தக் கடைகள் திறந்தே இருக்கின்றன. எச்சரிக்கை அறிக்கை விடுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் அமைப்புகளை என்ன சொல்வது?

நீங்கள் போய்க் கேட்டால் கன்சல்டன்சிக்காரர் அசர மாட்டார். “சர்டிபிகேட்டுக்கு அப்போஸ்டில் வாங்கித் தருகிறோம் மேடம், வெளியுறவுத் துறை முத்திரையே இருக்கும்” என்பார். படித்தவர்களே ஏமாறுவது இந்த இடத்தில்தான். அப்போஸ்டில் முத்திரை, சான்றிதழில் உள்ள கையெழுத்தும் சீலும் அசல் என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் பட்டத்துக்கு இங்கே மதிப்பு உண்டா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இருக்காது. நாளை ஒரு கல்வியியல் கல்லூரி நேர்காணலில் அந்தத் தாளை நீட்டினால், முத்திரையைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள்.

ஆன்லைன் வேண்டாம் என்றால் அடுத்த சரக்கை எடுப்பார்கள். வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம், வருடத்துக்கு இரண்டு முறை போய்வந்தால் போதும், தீசிஸ் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று. பிஎச்.டி. விதிகளைப் பின்பற்றவில்லை என்பதற்காக ராஜஸ்தானில் உள்ள மூன்று தனியார் பல்கலைக்கழகங்களுக்கு, 2025–26 முதல் 5 கல்வியாண்டுகளுக்குப் பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யுஜிசி தடை போட்டிருக்கிறது. அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாலும், யுஜிசி இணையதளத்தில் அதன் அங்கீகாரத்தையும் தடைப் பட்டியலையும் நீங்களே பாருங்கள். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப்.பை நம்பாதீர்கள்.

‘கௌரவ டாக்டர்’ பட்டம் பற்றியும் பேச்சு வரலாம். 2023-ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்திப் போலிப் பட்டங்கள் கொடுத்து, பிறகு பல்கலைக்கழகம் போலீசில் புகார் செய்தது. விழா நடந்த இடத்தை வைத்துப் பட்டத்தை எடைபோடக் கூடாது.

சரி, உங்கள் ஆசைக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நீங்கள் சொன்ன பெயரிலேயே துறைகள் இருக்கின்றன. விஸ்கான்சின்–மேடிசன் அதற்குப் பேர்போனது. நம் ஊரில் அந்தப் பெயரில் பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். இங்கே பட்டம் ‘கல்வியியலில் பிஎச்.டி.’ என்றிருக்கும், கலைத்திட்டமும் கற்பித்தலும் உங்கள் ஆய்வுத் தலைப்பாக இருக்கும். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அதுவே போதும். அந்த அமெரிக்கப் பெயர் சான்றிதழில் அப்படியே அச்சாகி வர வேண்டும் என்று நினைப்பவர்களைத்தான் கன்சல்டன்சிகள் எளிதாகப் பிடிக்கின்றன.

சென்னையில் இருப்பது உங்களுக்கு வசதி. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை இருக்கிறது. காரப்பாக்கத்தில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1856-ல் தொடங்கிய ஆசிரியர் கல்லூரியின் தொடர்ச்சியாகச் சைதாப்பேட்டையில் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. எம்.எட்.டில் 55 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நுழைவுத்தேர்வு எழுதலாம், அல்லது தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் ‘எஜுகேஷன்’ தாளை எழுதி அந்த மதிப்பெண்ணோடு நேர்காணலுக்குப் போகலாம். பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

பகுதிநேரப் பிஎச்.டி.யை விதிமுறை அனுமதிக்கிறது. வேலையை விட வேண்டாம். ஆனால் பள்ளி நிர்வாகத்திடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், தனியார் பள்ளி ஆசிரியைகள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பள்ளி அலுவலகத்தில் கேட்டால் ‘இவர் மேற்படிப்புப் படிக்க ஆட்சேபணை இல்லை’ என்று லெட்டர்பேடில் ஒரு வரி அடித்து, சீல் வைத்துக் கொடுப்பார்கள். அது போதாது. மூன்று விஷயங்கள் அதில் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் பிஎச்.டி. படிக்க அனுமதி தருகிறோம். இவருடைய பணி, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இடம் தருகிறது. தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க்கை (ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்களை) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம். மூன்றாவது வரிக்குத்தான் தாளாளர் தயங்குவார். கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட், பெரும்பாலும் நேரில் போய்ப் படிக்க வேண்டியது. மே மாத விடுமுறையோடு எப்படிச் சமாளிப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காமலே நான் விரிவாகச் சொல்ல விரும்பும் ஒன்று. பெண்களுக்கு என்று இந்த விதிமுறையில் இருக்கும் சலுகைகள் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. தெரிந்த அலுவலகங்களும் வாய் திறந்து சொல்வதில்லை. பொதுவாகப் பிஎச்.டி.யை 6 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும்; மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டுகள், ஆக 8. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தரலாம், மொத்தம் 10 வரை. தவிர, படிப்புக் காலம் முழுவதிலும் மகப்பேறு விடுப்போ குழந்தைப் பராமரிப்பு விடுப்போ 240 நாள் வரை எடுக்கலாம். உங்கள் மகளுக்கு 4 வயது. ஒன்றாம் வகுப்பு, பள்ளி மாற்றம், காய்ச்சல் என்று ஒரு வருடம் உங்கள் கையை மீறிப் போகலாம். அந்த வருடத்தில் ‘இனி முடியாது’ என்று பதிவை விட்டுவிட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் விண்ணப்பித்திருந்தால் அவர்களில் பலர் இன்று முனைவர்கள். கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தாலும், ஆய்வுத் தரவுகளோடு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள விதியில் வழி இருக்கிறது. ‘தரலாம்’ என்றுதான் விதி சொல்கிறது, தானாக வராது. காலக்கெடு முடிவதற்கு முன்பே மனு கொடுத்து, மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு நெறியாளர், அதாவது கைடு, கிடைப்பதுதான் உண்மையில் கடினம். உதவிப் பேராசிரியர் 4, இணைப் பேராசிரியர் 6, பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்களுக்கு மேல் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ள முடியாது. ஓய்வுபெற 3 ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. கல்லூரிகளில் ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன, தமிழ்நாட்டில் சில அரசுப் பல்கலைக்கழகங்கள் துணைவேந்தரே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கின்றன. இடம் காலியா என்று தெரிந்துகொள்ளவே ஒரு ஆசிரியை அரைநாள் லீவு போட்டு அலைய வேண்டியிருக்கிறது. இந்த நிலைமைதான் ‘கைடு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்’ என்பவனுக்குச் சோறு போடுகிறது. காசு வாங்கிக்கொண்டு கைடு பிடித்துத் தருபவன், பிறகு கட்டுரை போடவும் தீசிஸ் எழுதவும் காசு கேட்பான். ஆய்வேட்டில் எழுத்துத் திருட்டு 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தச் சொல்வார்கள், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். பட்டம் வாங்கிய பிறகு கண்டுபிடித்தாலும் பிரச்சினைதான். ஆய்வேடு, பிஎச்.டி. ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும்.

நெறியாளரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ‘கலைத்திட்டத்தில் ஏதாவது செய்யலாம் சார்’ என்று நின்றால் அனுப்பிவிடுவார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-ல் எழுப்பிய கேள்விகள் இன்றும் இந்தத் துறைக்கு அடித்தளம்: எதற்காகக் கற்பிக்கிறோம், அதற்கு என்ன அனுபவங்களைத் தரலாம், அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. இதை உங்கள் வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். உங்கள் பாடக்குறிப்பேட்டில் ஏழாம் வகுப்புப் பின்னங்களுக்கு ‘செயல்பாடு, கலந்துரையாடல், பயிற்சி’ என்று எழுதியிருப்பீர்கள். 40 நிமிடப் பீரியடில் வருகைப் பதிவும் வீட்டுப்பாடமும் பார்த்தது போக, கலந்துரையாடல் காணாமல் போய், கடைசியில் பயிற்சிக் கணக்கு மட்டும் மிஞ்சியிருக்கும். திட்டமிட்ட பாடத்துக்கும் நடந்த பாடத்துக்கும் இடையில் என்ன உதிர்கிறது, ஏன் உதிர்கிறது? இது நல்ல ஆய்வுத் தலைப்பு, உங்களைத் தவிர வேறு யாராலும் அவ்வளவு அருகிலிருந்து பார்க்க முடியாது. அரசுப் பள்ளிப் பக்கம் போக விரும்பினால், 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இருக்கின்றன. இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

இனி அந்த 30,000. போனில் பேசிப் பயனில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு, 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். ரசீது, பணப் பரிமாற்ற விவரம், ‘ஆன்லைன் பிஎச்.டி., இரண்டு வருடம்’ என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் நகலை எடுத்துவையுங்கள். இப்போதே எடுங்கள், செய்தியை அவர்கள் அழித்துவிடுவார்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடுங்கள். வக்கீல் இல்லாமலே போடலாம்.