ஓடிடி சந்தாக்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது?

கேள்வி: எங்கள் வீட்டில் நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் என நான்கு சந்தா ஓடுகிறது. அம்மாவுக்கு சீரியல், தம்பிக்கு கிரிக்கெட், எனக்குப் படம். கேபிளும் தனியாக இருக்கிறது. இத்தனை கட்டியும் தேடுகிற படம் வேறு எதிலோதான் இருக்கிறது, பிரைமில் விளம்பரம் வேறு. மாதம் எவ்வளவு போகிறது என்றே தெரியவில்லை. எதை நிறுத்தலாம்? - வாசகி, மதுரை

பதில்: எதையும் ஒரேயடியாக விட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளாமல் இருந்தாலே போதும். ஒரு படத்தின் ஓடிடி உரிமை பெரும்பாலும் ஒரு நிறுவனத்துக்குத்தான் போகிறது, அதனால் நீங்கள் நான்கு அல்ல, ஏழு கட்டினாலும் ஏதாவது ஒரு படம் விட்டுப்போகத்தான் செய்யும்.

தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்த நான்கு வாரத்திலேயே ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. வந்த அன்றே பார்த்தாக வேண்டும் என்பதை விட்டுவிட்டால் பாதிச் செலவு குறையும். பார்க்க நினைக்கும் படங்களை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள் (ஜஸ்ட்வாட்ச் தளத்தில் தேடினால் தெரியும்), ஒரே தளத்தில் நான்கைந்து சேர்ந்ததும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, பார்த்து முடித்து, அடுத்ததற்குப் போங்கள். நெட்ஃபிளிக்ஸில் கட்டிய அன்றே ரத்து செய்தாலும் அந்த மாதம் முடியும் வரை பார்க்கலாம், மறுபடி சில மாதத்தில் திரும்பினால் பார்த்த விவரமும் அப்படியே இருக்கும். ஒரே டிவியில் பார்க்கும் வீட்டுக்கு 199 ரூபாய் பிளானே போதும் என்பது என் கருத்து. 649 ரூபாய் பிளானோடு வித்தியாசம் மாதம் 450, வருடத்துக்கு 5,400.

பிரைமுக்குக் கணக்கு வேறு. மாதச் சந்தா 299, வருடச் சந்தா 1,499. அதாவது வருடத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் பார்ப்பீர்கள் என்றாலோ, பொருள் வாங்கும்போது டெலிவரி சலுகை நிஜமாகவே பயன்படுகிறது என்றாலோ மட்டும் வருடச் சந்தா லாபம். 2025 ஜூனிலிருந்து விளம்பரம் போடுகிறார்கள், அது வேண்டாம் என்றால் வருடத்துக்கு இன்னும் 699. பணம் கட்டியவரிடமே விளம்பரத்தைக் காட்டி, அதை நீக்க மறுபடி காசு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, நான் அதைக் கட்டச் சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு ஐபிஎல்தான் முக்கியம் என்றால் மார்ச் கடைசியில் ஜியோஹாட்ஸ்டார் எடுத்து, ஃபைனல் முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் அம்மாவின் சீரியலில் கை வைக்காதீர்கள். வீட்டில் தினமும் தவறாமல் பயன்படுவது அநேகமாக அது ஒன்றுதான். ஆனால் அவர் எப்போது, எதில் பார்க்கிறார் என்று கேளுங்கள். ராத்திரி அந்தந்த நேரத்துக்கு டிவியில் பார்க்கிறார் என்றால் சன், விஜய் இரண்டும் கேபிளிலேயே வருகின்றன, சன் நெக்ஸ்ட் தேவையில்லை. மத்தியானம் வேலை முடிந்து போனில் பார்க்கிறார் என்றால் ஆப் இருக்கட்டும், கேபிள் வேண்டுமா என்று யோசியுங்கள்.

இனி, எவ்வளவு போகிறது என்ற விஷயம். போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நிற்காது. கூகுள் பே, போன்பே எதுவானாலும் உள்ளே ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். திறந்து பாருங்கள், தானாகப் பணம் எடுக்க எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற முழுப் பட்டியலும் அங்கே வரும். ஒவ்வொன்றிலும் அதிகபட்சத் தொகை என்று ஒன்று எழுதியிருக்கும், அது நீங்கள் இப்போது கட்டுவதைவிடப் பெரிதாக இருந்தால், நாளை விலையை ஏற்றினாலும் அந்த வரம்புக்குள் உங்களைப் புதிதாகக் கேட்காமலே எடுக்க முடியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அதற்குள் சந்தாக்கள் பகுதியையும், கார்டில் கட்டியிருந்தால் வங்கியின் ஆப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். வங்கி அனுப்பும் மற்ற மெசேஜ்களுக்கு நடுவே அது கண்ணில் படாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே பணம் போகும் என்பதால் அந்த மெசேஜைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம், நூறு ரூபாய்க்கு எல்லா ஓடிடியும் தருகிறேன் என்று டெலிகிராமில் விற்கிறவர்கள் பக்கம் போகாதீர்கள். யாரோ ஒருவருடைய கணக்கின் பாஸ்வேர்டைத்தான் விற்கிறார்கள், ஒரு வாரத்தில் அது மாறிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஒரே ஒரு படம்தான் பார்க்க வேண்டும் என்றால் யூடியூபிலோ பிரைமிலோ அது வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரத்து செய்யும் பொத்தானையே கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதும், ரத்து செய்ய விடாமல் சுற்ற விடுவதும் 2023-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய விதிகளின்படி தடை செய்யப்பட்டவை. உங்களுக்கு அப்படி நடந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள்.