வாசகர் கேள்வி: வாலில்லாத வௌவால்

கே: சலீம் அலி பேர்ல ஒரு வௌவால் இருக்காமே? அவர் பறவை ஆராய்ச்சிக்காரர்தானே சார்! அது நம்ம ஊர்ப்பக்கம் இருக்கா? ராத்திரி எங்க கொய்யா மரத்துக்கு வர்றது அதுவா இருக்குமோ?

ப: கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், இல்லீங்க. உங்க கொய்யாவுக்கு வர்றது பெரும்பாலும் குட்டைமூக்கு பழந்தின்னி வௌவாலாத்தான் இருக்கும். ஆனா நீங்க குழம்பினதுல தப்பே இல்ல, பெரிய பெரிய ஆளுங்களே 24 வருஷம் இதே குழப்பத்துலதான் இருந்தாங்க!

1948ல ஆங்கஸ் ஹட்டன்னு ஒரு எஸ்டேட்காரர், நம்ம தேனி மாவட்டத்து மேகமலையில, அதான் ஹைவேவிஸ்னு சொல்றோமே அங்க, ஒரு வௌவாலைப் பிடிச்சு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்க அதை சாதாரண குட்டைமூக்குன்னு நெனச்சு வச்சுட்டாங்க. 1972ல தாய்லாந்து விலங்கியல்காரர் கிட்டி தோங்லோங்யா அந்தப் பழைய சாம்பிளைத் திரும்ப எடுத்துப் பாக்குறார், வாலைக் காணோம்! குட்டைமூக்குக்குத் துளியூண்டு வாலாவது வெளிய தெரியும், இதுக்கு அதுவும் இல்ல, மேல் முன்பல்லும் ரெண்டு ஜோடி இருக்க வேண்டிய எடத்துல ஒரே ஜோடிதான். புது இனம் மட்டும் இல்ல, புதுப் பேரினமே (நெருங்கின இனங்களைச் சேர்த்து வைக்கிற பிரிவு), லாட்டிடென்ஸ்னு. சலீம் அலிக்கு மரியாதையா அவர் பேரையும் சேர்த்தார். பறவைக்காரர் பேர் வௌவாலுக்கு வந்த கதை இதுதான்.

அப்புறமும் 1993 வரைக்கும் காட்டுல யார் கண்ணுலயும் சிக்கல. இன்னிக்கு மேகமலை, களக்காடு-முண்டந்துறை, கேரளாவுல பெரியாறுன்னு மேற்குத்தொடர்ச்சி மலையோட தெக்குக் கோடியில மட்டும்தான் இருக்கு, உலகத்துல வேற எங்கயும் கெடையாது. பகல்ல குகையில தொங்கும், ராத்திரி காட்டு ருத்ராட்ச மர வகைப் பழம், அத்திப்பழம்னு தேடிப் போகும். மலைக்காடு போச்சுன்னா இதுக்குப் போக்கிடமே இல்ல, கீழ எறங்கி உங்க கொய்யாவைத் தின்னு பொழைக்கிற ஜாதி இல்ல இது.

இன்னொரு கூத்து கேளுங்க. வனவிலங்கு சட்டம் வந்ததும் அதே 1972தான். அதுல பழந்தின்னி வௌவால்களை எலியோட சேர்த்து தொல்லை உயிரினம்னு அஞ்சாவது அட்டவணையில போட்டு வச்சிருந்தாங்க, 2022 திருத்தத்துலதான் அந்த அட்டவணையே போச்சு. சலீம் அலி வௌவாலை மட்டும் எப்பவோ தனியாப் பிரிச்சு, அதிகப் பாதுகாப்பு தர்ற, புலி இருக்கிற முதல் அட்டவணைக்குத் தூக்கிட்டாங்க. உங்க கொய்யா வௌவாலுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கல, பாவம், ரெண்டு பழம்தானே, தின்னுட்டுப் போகட்டும் விடுங்க.