டெக்சாஸில் வாங்கிய ரைஃபிளை நியூஜெர்சிக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: டல்லாஸ் அருகே குடும்பத்துடன் வசிக்கிறேன். கிரீன் கார்டு உள்ளது. கடையில் பின்னணிச் சோதனை முடித்து, ஏஆர்-15 வகை ரைஃபிள் ஒன்றும் 30 தோட்டா கொள்ளும் மேகசின்கள் சிலவும் முறைப்படி வாங்கினேன். இப்போது நியூஜெர்சிக்கு மாற்றலாகியிருக்கிறது. எடிசனில் வீடும் பார்த்துவிட்டோம். ரைஃபிளைப் பூட்டிய பெட்டியில் வைத்துக் காரில் எடுத்துச் சென்று, அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளலாமா? முடியாதென்றால் இங்கே நண்பர் வீட்டில் விட்டுச் செல்லலாமா?

பதில்: கொண்டுபோகாதீர்கள். பூட்டினாலும் சரி, தோட்டாக்களை எடுத்துவிட்டாலும் சரி, வாங்கிய ரசீது கையில் இருந்தாலும் சரி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதும் கவலை தந்தது ‘அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளலாமா’ என்ற வரிதான். நல்லெண்ணத்தோடு காவல் நிலையத்துக்குப் போய் ‘என்னிடம் இது இருக்கிறது’ என்று சொல்பவர், அந்த இடத்திலேயே தன் வாயால் குற்றத்தை ஒப்புக்கொண்டவராகிவிடுவார்.

நியூஜெர்சி 1990-இலேயே இந்த வகைத் துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடை செய்துவிட்டது. அப்போது வைத்திருந்தவர்களில் சிலருக்கு மட்டும், ஓராண்டுக்குள் பதிவு செய்துகொள்ள வழி தரப்பட்டது. அந்த வாசல் அத்தோடு மூடியது. புதிதாகக் குடிவருபவர்கள் 60 நாட்களுக்குள் துப்பாக்கி வைத்திருப்போருக்கான அடையாள அட்டை பெற்றுத் துப்பாக்கியைப் பதிய வேண்டும் என்று 2022-இல் ஒரு சட்டம் வந்தது உண்மைதான். அது அந்த மாநிலத்தில் வைத்திருக்க அனுமதியுள்ள துப்பாக்கிகளுக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

மீறினால் என்ன ஆகும்? தடை செய்யப்பட்ட ரைஃபிளை வைத்திருப்பது அங்கே இரண்டாம் நிலைக் குற்றம்; 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. பரோலுக்கு முன் 42 மாதமாவது உள்ளே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் உண்டு. இதற்கு மேல் உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்ற கிரீன் கார்டுதாரரை நாடு கடத்தக் கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. ஒரு ரைஃபிளுக்காகப் பிள்ளைகளின் படிப்பும் வீடும் வேலையும் கைவிட்டுப் போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

பூட்டிய பெட்டி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, துப்பாக்கியோடு மாநிலங்களைக் கடந்து செல்பவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அதை வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. எடிசனில் தடை இருப்பதால், டல்லாஸில் வண்டியைக் கிளப்பும்போதே அது உங்களுக்கு இல்லை.

‘சில பாகங்களை மாற்றினால் போதும்’ என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. உங்கள் ரைஃபிளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். தோளில் பதியும் கட்டை நீண்டு குறுகுகிறதா? விசைக்குப் பின்னால் பிஸ்டல் பிடி துருத்திக்கொண்டு நிற்கிறதா? குழல் முனையில் மரை வெட்டி, சுடரை மறைக்கும் உருளை திருகப்பட்டிருக்கிறதா? பயனெட் என்னும் முனைக்கத்தியை மாட்டும் காது உண்டா? மேகசினைக் கழற்றி மாட்டும் அரைத் தானியங்கி (விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா சுடும்) ரைஃபிளில் இவற்றுள் இரண்டு இருந்தாலே, தடைப் பட்டியலில் உள்ளதற்கு ஒப்பானது என்பது நியூஜெர்சி அட்டர்னி ஜெனரல் 1996-இல் தந்த வழிகாட்டுதல். கட்டையை அசையாமல் பொருத்தி, குழல் முனையைப் பற்றவைத்து மரையை மூடி, அந்த மாநிலத்துக்கென்றே விற்கப்படும் ரைஃபிள்கள் இருக்கின்றன. ஆனால் கோல்ட் (Colt) நிறுவனத்தின் ஏஆர்-15 பெயராலேயே தடை செய்யப்பட்டது. அதில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் பயனில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட ஓர் அம்சம் இருந்தாலே போதும், தடை விழும். ஒரே துப்பாக்கி ஆற்றைத் தாண்டினால் வேறு பொருளாகிவிடுகிறது என்பதில் எனக்கும் வருத்தம்தான். அதே சமயம் இந்தச் சட்டங்கள் காரணமில்லாமல் வரவில்லை. 1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் பள்ளி மைதானத்தில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டின் முதல் மாநிலத் தடை பிறந்தது. 1994-இல் வந்த கூட்டாட்சித் தடை 2004-இல் காலாவதியானது. அதன்பின் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் போகிறது.

இனி மேகசின். பலரும் மாட்டிக்கொள்வது இதில்தான். 2018 முதல் நியூஜெர்சியில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் கூடாது. ரைஃபிளை விற்றுவிட்டு, காலி மேகசின் ஒன்று பயிற்சிப் பையின் பக்கவாட்டு அறையில் கிடந்து உங்களோடு வந்துவிட்டாலும் அது தனிக் குற்றம். 18 மாதம் வரை சிறை. கராஜ் அலமாரி, கார் டிக்கி, பழைய பயணப்பைகள் என்று எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள்.

நண்பர் வீட்டில் விடுவது பற்றி: அந்த நண்பர் எந்த விசாவில் இருக்கிறார்? எச்-1பி, எல்-1, மாணவர் விசா என்று தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டமே தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வந்திருக்கிறார்கள். நட்புக்காக வாங்கி வைத்துக்கொண்டு அவர்களும் சிக்கலில் விழ வேண்டாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள டெக்சாஸ்வாசி, வேறு தடை இல்லாதவர் என்றால், நீங்கள் டெக்சாஸில் குடியிருக்கும்போதே ஒப்படைக்கலாம். நியூஜெர்சிவாசியாகிவிட்ட பிறகு கைமாற்ற வேண்டுமானால் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் முடியும்.

வழக்குகளை நம்பியும் கொண்டுபோக வேண்டாம். 2024 ஜூலையில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, வீட்டுத் தற்காப்புக்குக் கோல்ட் ஏஆர்-15 வைத்திருப்பதை நியூஜெர்சி தடுப்பது செல்லாது என்றார். மேகசின் வரம்பு செல்லும் என்றார். தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டு மேல்முறையீட்டுக்குப் போனது. மேரிலாந்து மாநிலத்தின் இதே போன்ற தடையை எதிர்த்த வழக்கை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. புறப்படும் முன் நியூஜெர்சி வழக்கறிஞர் ஒருவரிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை, டல்லாஸிலேயே உரிமம் பெற்ற கடையில் ரைஃபிளையும் மேகசின்களையும் விற்றுவிடுங்கள். பாதி விலைக்குக் கேட்டாலும் தயங்க வேண்டாம். ரசீதில் ரைஃபிளின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அந்தத் துப்பாக்கி ஏதாவது குற்றத்தில் அகப்பட்டால், விசாரணை அதை முதலில் வாங்கியவரைத் தேடித்தான் வரும்.