கேரவன் பேட்டரி ஏறவில்லையா? மீட்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள்

கிருஷ்ணகிரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மாம்பழ சீசனில் ஜூஸ் டிரெய்லர்கள், லீவு நாட்களில் ஒகேனக்கல் போகும் கேரவன்கள் என்று இழுத்துக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கார் ஓடுது, பின்னாடி பேட்டரி ஏறல." இன்று இரவு வரை கேளுங்கள்.

ஓசூர்: சின்ன கேரவன், 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி. ஒகேனக்கலுக்கு மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். இறங்கிப் பார்த்தால் 12.1 வோல்ட். புது பேட்டரி மாற்றியும் அதே கதை.

பதில்: புது பேட்டரி வாங்கும் முன் கேட்டிருக்கலாம். சரி, போனது போகட்டும். முதலில் காரை ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, கார் பேட்டரியில் அளக்கவும். 14.2 போல வந்தால், என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் நலம். அடுத்து கேரவன் பிளக்கைக் காரில் மாட்டி, ஃபிரிட்ஜையும் விளக்கையும் போட்டுவிட்டு, கேரவன் பேட்டரியின் முனையில் அளக்கவும். சுமையைப் போட்டுவிட்டு அளப்பது முக்கியம். சுமை இல்லாவிட்டால், பத்து இழை அறுந்து ஓர் இழையில் தொங்கும் வயர்கூட 14 வோல்ட் காட்டி ஏமாற்றும்.

இரண்டு அளவுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி வயர்தான். பெரும்பாலும் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரைத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு மீட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லி ஓம் தடை. போக 8 மீட்டர், எர்த் (மைனஸ்) வயரில் திரும்பி வர 8 மீட்டர், ஆக 16 மீட்டருக்கு 0.12 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே காலி. 14.2 புறப்பட்டு 13 ஆகப் போய்ச் சேரும். அந்த 13-ல், அதுவும் ஃபிரிட்ஜ் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, பேட்டரி நாள் முழுக்க ஓடினாலும் நிறையாது. 16 ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். எர்த்துக்கும் அதே தடிமன் வேண்டும். பிளஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு வந்து புலம்புகிறவர்கள் அதிகம்.

அப்புறம், கார் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். கேரவன் பேட்டரி பக்கமும் இன்னொன்று. அந்த வயருக்கு இரண்டு முனையிலும் கரண்ட் உண்டு. நடுவில் உரசினால் எந்தப் பக்கத்திலிருந்தும் எரியும்.

தருமபுரி: பி.எஸ்.6 பிக்கப். வயர் 16 ஸ்கொயர்தான். சமதளத்தில் 12.6 காட்டுகிறது. சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் மட்டும் 14.8 வருகிறது. ஆல்டர்னேட்டர் போச்சா?

பதில்: போகவில்லை, ரொம்பப் புத்திசாலி ஆகிவிட்டது. கார் பேட்டரி நிறைந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் டீசல் மிச்சம் பிடிக்க வோல்ட்டைக் குறைத்துவிடும். இறக்கத்தில் காலை எடுத்ததும், சும்மா கிடைக்கும் சக்தி என்று ஏற்றிவிடும். பின்னால் இன்னொரு பேட்டரி பசியோடு வருவது அதற்குத் தெரியாது. வோல்ட்டைப் பார்த்து இரண்டு பேட்டரியையும் இணைக்கும் ரிலே 13.3 அளவில் சேரும், 12.8-ல் பிரியும். உங்கள் வண்டியில் அது பாதி நேரம் பிரிந்தே கிடக்கும். குறைந்த வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் வழி.

பர்கூர்: தம்பி, நாற்பது வருஷம் கிரானைட் லாரிக்கு வயரிங் செய்தவன் நான். ஹெட்லைட்டைப் போட்டு ஓட்டச் சொல். வோல்ட் தானே ஏறும். டிசி-டிசி எல்லாம் விற்கிறவன் சொல்லும் கதை.

பதில்: அண்ணே, விற்கிறவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகலெல்லாம் ஹெட்லைட் எரிய விட்டு ஓட்டுவது ஒரு தீர்வா?

தருமபுரி: இப்போதே வாசலில் ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன். 14.1!

பர்கூர்: கேட்டுக்கொள்.

பதில்: சரி அண்ணே, அந்த வண்டிக்கு ஒப்புக்கொள்கிறேன். விளக்கு எரியும்போது மங்கி மினுக்காமல் இருக்கச் சில வண்டிகள் வோல்ட்டை நிலையாக வைக்கும். எல்லா வண்டியும் அப்படியில்லை.

ஓசூர்: என் காரில் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. கார் பேட்டரியில் லைட் போடும் முன்னும் 14.2, போட்ட பின்னும் 14.2.

பதில்: உங்களுடையது பழைய பாணி ஆல்டர்னேட்டர், ஏற்கெனவே 14.2-ல் நிற்கிறது. உங்கள் வியாதி வயர் என்று முதலிலேயே சொன்னேன். கேரவன் முனையில் அளந்தீர்களா?

பர்கூர்: பிக்கப்காரர் நாலு நாள் லைட் போட்டு ஓட்டட்டும். காசு மிச்சம்.

பதில்: ஓட்டட்டும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிசி-டிசி சார்ஜர் 12.4 வந்தாலும் அதை 14.4 ஆக்கிக் கொடுக்கும். கடைசி 20 சதவீதத்தைப் பக்குவமாக ஏற்றும். ஹெட்லைட்டுக்கு அந்த வேலை தெரியாது. அதற்காக மெல்லிசு வயரில் மாட்டிவிடாதீர்கள். 20 ஆம்பியர் வெளியே தர, உள்ளே 26, 27 ஆம்பியர் இழுக்கும். கேரவன் பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டவும். ஃபியூஸ் இரண்டு பக்கமும்.

பர்கூர்: ஃபியூஸில் மட்டும் நீ சொல்வது சரி.

அரூர்: லித்தியம் 100 ஏ.ஹெச். வாங்கிவிட்டேன். ரிலேயில் நேரடியாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, கிடைத்ததையெல்லாம் இழுக்கும். தடித்த வயரும் போட்டு, டிராபிக்கில் ஐட்லிங்கில் நின்றால் ஆல்டர்னேட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றும், சுமை உச்சத்தில் இருக்கும். சூட்டில் வெந்துவிடும். லித்தியம் செட்டிங் உள்ள டிசி-டிசி போடவும்.

ஊத்தங்கரை: வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. டிரெய்லரில் வைக்கலாமா?

பதில்: அது ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்யப் பிறந்தது. ஆசிட் தளும்பும், வாயு வரும், எடையும் 50 கிலோவுக்கு மேல். வீட்டிலேயே இருக்கட்டும்.

பாலக்கோடு: ராத்திரி கேரவன் ஃபிரிட்ஜ் ஓடியது. காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: என்ஜின் நின்றாலும் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே கிடக்கின்றன. 13 பின் பிளக் என்றால், 9-ம் பின்னில் எப்போதும் கரண்ட் இருக்கும், 10-ம் பின்னில் சாவி திருகினால்தான். 10-க்கு எர்த் 11, 9-க்கு எர்த் 13. உங்கள் சார்ஜிங் வயரை 9-ல் கட்டியிருப்பார்கள். 10-க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ரிலே போடுங்கள்.

காவேரிப்பட்டணம்: கேரவன் பேட்டரி ஏறவில்லை. புது பேட்டரி வாங்கலாமா?

பதில்: முதல் பதில்.

மத்தூர்: எர்த் வயர் தனியாக வேண்டுமா? கொக்கி வழியாகத்தான் வருகிறதே.

பதில்: கொக்கிக்கும் அது உட்காரும் இரும்புக் குண்டுக்கும் நடுவில் கிரீஸ், துரு, மண். குலுங்கும்போதெல்லாம் எர்த் விட்டுவிட்டு வரும். தனி வயர் வேண்டும்.

போச்சம்பள்ளி: 30 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 60 போட்டுவிடலாமா?

பதில்: போடலாம். அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயர் போகும். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. எங்கே உரசுகிறது, வயர் முனையில் எந்த லக் தளர்ந்து சூடாகிறது என்று தேடுங்கள். பிளக்கைத் திறந்து பாருங்கள், பச்சை பிடித்திருக்கும்.

சூளகிரி: நானே செய்த டிரெய்லருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் எப்படி?

பதில்: ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். என் வேலை வயரோடு முடிந்தது.

கெலமங்கலம்: பேட்டரி 12.1-லேயே நிற்கிறது. என்ன செய்ய?

பதில்: ஐயா, மேலே இருக்கிறது. மேலே.

ஓசூர்: கேரவன் முனையில் அளந்தேன். சுமையோடு 12.9. நாளை கடைக்கு வரலாமா?

பதில்: அதைத்தான் சாயங்காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 1.3 வோல்ட் வயரில் போகிறது. பத்து மணிக்கு வாருங்கள், கேரவனையும் இழுத்துக்கொண்டு. போன வாரம் ஒருவர் காரை மட்டும் ஓட்டிவந்து, பின்னால் ஏன் ஏறவில்லை என்று கேட்டார்.