400 மீட்டரும் ஆயிரம் கமென்ட்டும்
வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டு

கேள்வி: வயது 19. வீடு பெங்களூரு அல்சூர், பயிற்சி அங்கேயே கண்டீரவா ஸ்டேடியத்தில். சமீபத்தில் ஒரு 400 மீட்டர் ஓட்டத்தில் பாதி தூரம் வரை முதலில் இருந்துவிட்டு ஆறாவதாக முடித்தேன். யாரோ அதை ரீல்ஸில் போட, ‘சீன் போட்டு ஓடினா இப்படித்தான்’, ‘கடைசியில விட்டுட்டா’ என்று ஒரே வசவு. முன்னால் பாய்ந்து ஓடுவதுதான் என் பாணி. அதை மாற்றிக்கொள்ளவா, இவர்களுக்குப் பதில் கொடுக்கவா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். கமென்ட்டை மூடிவிட்டு வீடியோவை மட்டும் கோச்சோடு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் லேனில் 200 மீட்டர் போட்டி தொடங்கும் கோட்டைத் தாண்டும் நொடிதான் உங்கள் முதல் பாதி நேரம். அதற்கும் இரண்டாம் பாதிக்கும் 2, 3 விநாடி வித்தியாசம் இருந்தால் பயமில்லை. 58 விநாடி ஓட்டத்தில் முதல் பாதி 26.3, அடுத்த பாதி 31.7 என்று வந்தால் தொடக்கத்திலேயே கையிருப்பைக் கரைத்துவிட்டீர்கள் என்று பொருள். அப்படி ஓடினால் 300-ஐத் தாண்டியதும் முழங்கால் எழாது, தோள் காது வரை ஏறும், அடி சுருங்கும். தசை வேலை செய்ய மறுக்கிறது, அவ்வளவுதான். கேலரியில் இருப்பவருக்கு அது ‘விட்டுட்டா’ என்று தெரிகிறது.

ஆக, ‘விட்டுட்டா’ என்றவர் தப்பு. ‘ஆரம்பத்திலேயே ரொம்ப வேகம்’ என்று எவராவது எழுதியிருந்தால் அவர் சொன்னது சரி. திட்டித்தான் சொன்னார் என்பதற்காக அதைத் தூக்கிப் போடாதீர்கள். முன்னால் ஓடுவது உங்கள் பாணி, அதை விட வேண்டியதில்லை. 26.3 பாணியில் சேராது, கணக்குப் பிழை. 27.3-ல் போனாலும் பல பந்தயங்களில் நீங்கள்தான் முன்னால் இருப்பீர்கள். வாரம் ஒரு நாள் 300 மீட்டர் 3 முறை, நடுவில் 10–12 நிமிட ஓய்வு. 100-லும் 200-லும் கோச் நேரத்தைக் கத்திச் சொல்லட்டும். சீசன் நடுவில் ஸ்டார்ட், ஸ்பைக் ஷூ, தூரம் எதையும் மாற்றாதீர்கள். கமென்ட்டுக்குப் பயந்து மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: ஒரே நேரத்தில் மூன்றை மாற்றிவிட்டு, எது கெடுத்தது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

அடுத்த பந்தயத்துக்கு முன் ஒரு தாளில் உங்கள் கையில் இருக்கும் மூன்று விஷயங்களை எழுதுங்கள். முதல் 200-ன் நேரம், 300-ல் தோள் தளர்வு, கடைசி 50-ல் கைவீச்சு. முடிந்ததும் முதலில் அதற்கு டிக் போடுங்கள், பிறகு இடத்தைப் பாருங்கள்.

ஃபோன் விஷயத்தில் ஆப்பை அழிப்பது பயன்படாது, ராத்திரி இரண்டு நிமிடத்தில் திரும்ப ஏற்றிவிடுவீர்கள். பந்தயத்துக்கு முந்தைய மாலை முதல் மறுநாள் வரை, வேறொருவர் பாஸ்வேர்டை மாற்றி வைத்துக்கொள்ளட்டும். இன்ஸ்டாகிராமில் ‘ஹிடன் வேர்ட்ஸ்’ (குறித்த சொற்கள் உள்ள கமென்ட்டை மறைக்கும் வசதி) பட்டியலில் வசவுச் சொற்களைத் தமிழ், கன்னட எழுத்திலும், இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும் விதவிதமான வடிவங்களிலும் சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் பக்கத்தில் அது செல்லாது, அங்கே போகவே போகாதீர்கள்.

யாராவது மைக் நீட்டினால்: ‘முதல் 200 வேகமாப் போயிட்டேன், கடைசி 100 தாங்கல, சரி பண்றேன்.’ போதும். ‘பதிலை டிராக்குல சொல்றேன்’ என்ற சினிமா வசனம் வேண்டாம். அடுத்த ஸ்டார்ட்டில் அந்தப் பாரமும் சேர்ந்து நிற்கும்.

கிரிக்கெட் பந்துவீச்சாளர் அர்ஷ்தீப் சிங்கை நினைவிருக்கும். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆசிப் அலியின் கேட்ச்சை விட்டதற்கு வாங்கிய வசவு கொஞ்சமில்லை. அதே ஆட்டத்தில் கடைசி ஓவரை வீசி அதே ஆசிப் அலியை எல்.பி.டபிள்யூ. ஆக்கியதும் அவர்தான்; வசவில் அது காணாமல் போனது. 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்தார்.

கேள்வி: பெங்களூரு சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த தமிழன். கர்நாடகத்துக்காக ஓடினால் தமிழ்நாட்டுப் பக்கம் துரோகி, தோற்றால் இங்கே வேற்றாள். என்ன சொல்வது?

பதில்: பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம். எந்த மாநிலத்துக்கு ஓடுவது என்பது பதிவு சம்பந்தப்பட்டது. மாற விரும்பினால் இப்போதைய சங்கத்தின் தடையில்லாச் சான்று உள்ளிட்ட வேலை இருக்கிறது. கமென்ட்டுக்காக அதில் இறங்கினால் ஒரு சீசன் வீணாகலாம். பேட்டி கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில், தமிழில் கேட்டால் தமிழில் பேசுங்கள். இரண்டும் உங்களுடையதுதானே.

கேள்வி: மகளைத் திட்டுகிறவர்களுக்கு நான் வேறொரு ஐ.டி.யிலிருந்து பதில் போடுகிறேன். ஒருவன் மிரட்டியும் எழுதியிருக்கிறான்.

பதில்: அந்த ஐ.டி.யை இன்றே மூடுங்கள், அப்பா. மாட்டிக்கொண்டால் ‘அவளே போலிப் பெயரில் எழுதுகிறாள்’ என்று மகள் தலையில்தான் விழும். மிரட்டல் வேறு கதை. பிளாக் செய்வதற்கு முன், பயனர் பெயரும் தேதியும் நேரமும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பதிவின் லிங்க்கையும் காப்பி செய்யுங்கள். முதலில் பிளாக் செய்துவிட்டு அப்புறம் தேடி அலைபவர்கள்தான் அதிகம். அதோடு தேசிய சைபர் குற்ற போர்ட்டலிலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். மகள் தூக்கமில்லாமல், சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டு இருந்தால் 14416-ஐ அழையுங்கள், அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.